மூணு நாள் மாவு

மாவு மூன்று நாள்தான் உயிரோடிருக்கும் என்று டப்பாவின் மேலேயே சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கிளீட்டஸ் அந்த எழுத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார், நின்று வாசித்ததில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தீயணைக்கும் உருளைக்குப் பக்கத்தில், ஒரு கம்பியில் கட்டி அது தொங்கிக்கொண்டிருந்தது. படகுக்கு ஒரு டப்பாதான் என்பது சட்டம். இரண்டாவது டப்பா வைத்திருந்தால் உரிமம் போய்விடும்.

அவருடைய படகின் பெயர் 'சிந்தாத்திரை', கடலில் போகிறவர்களைக் காக்கிற மாதாவின் பெயர். வள்ளவிளையில் பதிவான ஃபைபர் படகு. தூண்டிலை இறக்குவதும் ஏற்றுவதும் இயந்திரத்தின் வேலையாகிவிட்ட பிறகு, பத்துப் பேர் போன இடத்தில் மூன்று பேர் போதும் என்று ஆகியிருந்தது. ஓட்டுவதற்கு கிளீட்டஸ். எஞ்சினுக்கு நாகப்பட்டினத்துக்காரர் மாசிலாமணி, கிளீட்டஸைவிட ஆறு வயது மூத்தவர். மூன்றாவது, கிளீட்டஸின் மனைவி ஜெசிந்தாவின் தம்பி ததேயு. ஓடுகிற கயிற்றில் உள்ளங்கையை வைத்தால் கீழே சூரை கிடக்கிறதா சுறா கிடக்கிறதா, எத்தனை ஆழத்தில் என்று ததேயு சொல்லிவிடுவான். அதை மட்டும் எந்த இயந்திரமும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கடற்கரையில் அவனைத் தங்கள் படகுக்கு அழைக்காதவர்கள் இல்லை. அக்காள் புருஷனை விட்டுவிட்டு அவன் எங்கும் போனதில்லை.

புறப்பட்டுப் பதினேழாம் நாள், லட்சத்தீவுக்கும் மேற்கே, மதியச் சோறு தின்று கை கழுவிக்கொண்டிருந்தபோது முன்பக்கத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. ஆளில்லாமல் ஓடுகிற சரக்குக் கப்பல் ஏதோ ஒன்று வழியில் உதறிவிட்டுப் போன கன்டெய்னர். தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. அதன் மூலை படகின் இடது பக்கத்தைக் குத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்துவிட்டது.

கயிறும் மிதவையும் போட்டு வைக்கிற முன்னறையில், நீர்மட்டத்துக்குக் கீழே, சோற்றுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி நாலாப்பக்கமும் கீறல். மாசிலாமணி யோசிக்கவே இல்லை. தான் படுக்கிற பஞ்சு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து ஓட்டையில் திணித்தார். அதன்மேல் மீன் வெட்டுகிற பலகை. பலகைக்கு ஒரு மூங்கில் கழியை எதிர்ச்சுவரிலிருந்து முட்டுக்கொடுத்து, கழி நழுவாமலிருக்க ஆப்பு அடித்தார். சந்துகளில் சாக்கும் கிழிந்த சட்டையும் போயின. கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஒழுகுகிற தண்ணீராக மாறியது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் எஞ்சின் அறையில் இடுப்பளவு தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றுவிட்டது. இறைக்கிற பம்பும் அதோடு போயிற்று. மூன்று பேரும் வாளியால் இறைத்தார்கள். நிற்காமல் இறைத்தால் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம் என்று கிளீட்டஸ் கணக்குப் போட்டார்.

பேட்டரி மூழ்கும் முன்பு வயர்லெஸ்ஸில் கடலோரக் காவல்படை ஆள் கிடைத்தது. அந்தப் பக்கம் பேசியவர் நிதானமாக விஷயத்தைச் சொன்னார்: வடக்கே பெரும் புயல், இருக்கிற கப்பல் எல்லாம் அங்கே போயிருக்கிறது, இடம் குறித்துக்கொண்டோம், ஆறாம் நாள் காலையில் வந்து சேருவோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கருவி செத்துவிட்டது.

அப்போதுதான் கிளீட்டஸ் டப்பாவை அவிழ்த்தார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை இருந்தது. கடல் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய அது சூடேறியது. சிப்பி அவிக்கிற வாசனை வந்தது. மெத்தையைப் பிடுங்கிவிட்டு மூன்று பேரும் சேர்ந்து அதை ஓட்டையில் அப்பினார்கள். பாறையைப் பிடித்துக்கொள்ளச் சிப்பி ஒரு பசையைச் சுரக்குமே, அதே பசையைச் சுரக்கிற உயிரணுக்களைக் கொண்டு செய்தது அந்த மாவு. தண்ணீரைக் குடித்து வீங்கி, கீறல்களுக்குள் தானாகவே ஊர்ந்து போய், அரை மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாசிலாமணி அதன்மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவருக்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியவில்லையாம். பிற்பாடு அவரே சொன்னது.

பிறகுதான் கிளீட்டஸ் அந்தச் சிவப்பு எழுத்தை முழுதாக வாசித்தார். தண்ணீர் பட்டதிலிருந்து மாவுக்கு மூன்று நாள். கப்பல் வர ஆறு நாள்.

அந்தக் கெடு வந்த கதையில் கிளீட்டஸுக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் வந்த மாவு சாகாத மாவு. உடைந்த படகு ஒன்றிலிருந்து அது கழன்று விழுந்து, ஒரு பவளப் பாறையைப் பிடித்து, இரண்டே வருடத்தில் அந்தத் திட்டு முழுவதையும் கல்லாக மூடிவிட்டது. மீன் குஞ்சு பொரிக்கிற இடம் அது. சாகாத மாவு வேண்டாம் என்று கடற்கரை முழுக்க மறியல் நடந்தபோது, கிளீட்டஸும் கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார். அதன்பிறகு வந்ததுதான் மூணு நாள் மாவு. மூன்று நாளுக்குமேல் அதை உயிரோடு வைத்திருப்பது குற்றம் என்றும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை அவர் இப்போதும் தப்பென்று நினைக்கவில்லை.

மூன்று நாளையும் அவர்கள் சும்மா கழிக்கவில்லை. மிதவைகளை அறுத்து ஆப்புகள் செய்தார்கள். ரப்பர் பூட்ஸை வெட்டித் தகடாக்கினார்கள். மூன்றாம் நாள் மதியம், ஊறின பிஸ்கட்போல மாவின் ஓரம் உதிரத் தொடங்கியது. மாசிலாமணி ஓர் ஆப்பை வைத்து மெல்லத் தட்டினார். கீறல் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. இன்னொரு தட்டு தட்டினால் பக்கமே பிளந்துவிடும் என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

ததேயு முன்னறைக்குள் புகுந்து, வேறு வழி தெரியாமல், இரண்டு உள்ளங்கைகளையும் மாவின்மேல் வைத்து அழுத்திக்கொண்டான். மற்ற இருவரும் மெத்தையையும் பலகையையும் மறுபடி தயார் செய்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. மெத்தை வேண்டாம் என்றான்.

"அத்தான், கை வச்ச இடம் சாகல்ல. மத்த இடந்தான் உதிருது."

கிளீட்டஸ் குனிந்து பார்த்தார். அவன் விரல்களுக்கு வெளியே மாவு கூழாகி வழிந்துகொண்டிருந்தது. விரல்களுக்குக் கீழே கல்லாக இருந்தது. கையை நாலு விரற்கடை நகர்த்தினான். கூழாக இருந்த இடம் சற்று நேரத்தில் இறுகியது. ஏன் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. யோசிக்க நேரமும் இல்லை. இரண்டு உள்ளங்கை விரித்தால் ஓட்டை முழுவதும் அடங்கியது. கீறல்களில் கசிவதை இறைத்துக்கொள்ளலாம். அது போதுமாக இருந்தது.

அறுபத்தாறு மணி நேரம் அப்படிப் போயிற்று. முன்னறையில் ஒருவர்தான் மடங்கி உட்கார முடியும். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்தார்கள். முறை மாறும்போது வருகிறவன் கையை இடையில் செருகிய பிறகுதான் இருக்கிறவன் எடுக்க வேண்டும். முதல் நாள் உள்ளங்கை அரித்தது. இரண்டாம் நாள் மிளகாய் அரைத்த கைபோல எரிந்தது. அதன்பிறகு எரிச்சல் நின்றது. நின்றதுதான் கிளீட்டஸுக்குப் பயமாக இருந்தது. வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவருக்குச் சோறு ஊட்டினார், மீன் கிடங்கில் ஐஸ் உருகிய தண்ணீரைப் புகட்டினார், முதுகைச் சொறிந்துவிட்டார். மாசிலாமணி தன் கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதையை ஏழெட்டுத் தடவை சொன்னார். அசதியில் மற்ற இருவரும் கண்ணயர்ந்தபோதெல்லாம் ததேயு தன் முறை முடிந்ததைச் சொல்லாமலே இருந்துவிட்டான். இரண்டு மணி நேரம் நான்கானது, ஒரு தடவை ஆறு. எழுந்து பார்த்து கிளீட்டஸ் திட்டியபோது, நீங்க இறைக்கணும், தெம்பு வேணும் என்று மட்டும் சொன்னான்.

ஆறாம் நாள் காலை, சொன்ன சொல் தவறாமல் கப்பல் வந்தது. பெரிய பம்பு இறங்கிய பிறகு ததேயு கையை எடுத்தான். அரை மணி நேரத்தில் மாவு முழுவதும் கூழாகித் தண்ணீரோடு போயிற்று. பம்பு இறைக்க இறைக்கப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். மூன்று பேரும் கப்பல் தளத்தில் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தேநீர் கொடுத்தார்கள். வாங்க முடியவில்லை.

தோல் திரும்ப வரும், ரேகை வராது என்று டாக்டர் சொன்னார். கிளீட்டஸுக்கும் மாசிலாமணிக்கும் அவ்வளவுதான். ததேயுவுக்குத் தோலுக்கு அடியில் உணர்வே போயிருந்தது. ஜெசிந்தா ஒரு பக்கம் புருஷனையும் இன்னொரு பக்கம் தம்பியையும் உட்காரவைத்து மாற்றி மாற்றி ஊட்டினாள். ஊட்டி முடித்ததும் அடுக்களைக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வருவாள். அது துக்கத்து அழுகை இல்லை. இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதை அவளால் நின்று நிதானமாகத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரேஷன் கடையில் கிளீட்டஸின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. துறைமுக வாசலில் கதவு திறக்கவில்லை. அதோடு நோட்டீஸும் வந்தது: ஆறு நாள் மிதந்த படகில் கெடு தாண்டி மாவை உயிரோடு வைத்திருந்ததாகச் சந்தேகம், விசாரணை முடியும்வரை படகுக்கு முத்திரை.

மாவு செய்கிற ஆய்வுக்கூடத்திலிருந்தே ஒருவர் விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தபோது, தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். மாவு மூன்றாம் நாளே செத்துப்போயிற்று, சாக்கும் மெத்தையும் திணித்து இறைத்துக்கொண்டே கிடந்தோம் என்று சொல்லிவிடு. யார் கண்டது? மாசிலாமணியும் அதையே நினைத்தார். கிளீட்டஸ் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, நாளைக்கு இன்னொரு படகில் இதே மாதிரி மூன்று பேர் இருப்பார்கள், கையை வைத்தால் போதும் என்று அவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டார். அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

வந்தவர் பெயர் தமயந்தி. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத பெண். வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நேராகப் படகுக்குப் போய் முன்னறைக்குள் ஊர்ந்தார். ஓட்டையை உள்ளேயிருந்து கால் மணி நேரம் பார்த்தார். வெளியே வந்து, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டார். கிளீட்டஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. மூவரும் கைகளை நீட்டினார்கள். அவர் ததேயுவின் கையை வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை என்பதை அவரே கண்டுபிடித்தார்.

கிளீட்டஸ் மனதில் வைத்திருந்ததை அப்போது சொன்னார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் மேடம். மூணு நாள் கெடு வச்சாலும், கையை வச்சா சாகாதபடி யாரோ எங்களை நினைச்சுச் செஞ்சு வச்சிருக்காங்க. அது நீங்கதானே?"

தமயந்தி தலையை அசைத்து மறுத்தார்.

"நான் இல்லைங்க. மூணாம் நாள் சாகணும்னு வச்சதுதான் நான். எந்த விதிவிலக்கும் வைக்கல. அந்தப் பாறைத் திட்டைப் பார்த்தப்புறம் எனக்கு வைக்கத் தோணவும் இல்ல."

"அப்ப இது எப்படி?"

"சிப்பி தனியா வாழாது. ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கூட்டமாத்தான் இருக்கும். பக்கத்துல வேற உயிர் இருந்தா அது தாங்கும். நாங்க எல்லாத்தையும் மாத்தினோம், அந்தக் குணத்தை மாத்த நினைக்கல. நீங்க கையை வச்சதும் தன்னோட கூட்டத்துல ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு." பிறகு சொன்னார்: "உங்க நன்றியை வாங்கிக்க எனக்குத் தகுதி இல்ல. உங்களைச் சாகவிட்டிருப்பேன் நான்."

கிளீட்டஸ் தானும் அந்தக் கெடுவைக் கேட்டுக் கொடி பிடித்தவன்தான் என்று சொன்னார். நீங்க வச்ச மூணு நாள் இல்லேன்னா நாங்க முதல் நாளே போயிருப்போம், அந்த மூணு நாளுக்காவது நன்றியை வாங்கிக்கணும் என்றார். தமயந்தி தலையாட்டினார். ஆனால் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேர் சொல்வதை விசாரணைக் குழு சாட்சியாக எடுத்துக்கொள்ளாது என்றார். கையை எடுத்ததும் மாவு நிச்சயமாகச் சாகும் என்று நிரூபிக்காவிட்டால், பாறைத் திட்டுக்கு நடந்தது மறுபடி நடக்கும் என்று பயந்து மாவையே தடை செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அடுத்த படகுக்கு அந்த மூன்று நாள்கூட இருக்காது. தன்னால் என்ன முடியும் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. படகு முத்திரையோடு துறையில் கிடந்தது. மாசிலாமணி ஊருக்குப் போய்விட்டார். ததேயு கொல்லைப்புறத்தில் வாளித் தண்ணீருக்குள் தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஜெசிந்தாவின் மகளை இழுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கையில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பான். தெரியாது. தினமும் பார்ப்பான். ஒரு நாள் கிளீட்டஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இன்னும் இரண்டு மணி நேரம் முழித்திருந்தால் உன் கை இப்படி ஆகியிருக்காது என்று சொன்னார்.

ததேயு நரம்பைச் சுற்றிக்கொண்டே பேசினான். "அக்கா காலையில உன் சட்டையைக் காயப்போடுகா. அதைப் பாக்கும்போ கையைப் பத்தி நினைப்பே வரல்ல எனக்கு. நீயும் விடு அத்தான்." சற்றுப் பொறுத்து, இனித் தூண்டிலுக்கு வரமாட்டேன், படகு ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டான். அடுத்த நாளே தொடங்கினார்கள். கற்றுக்கொள்ளப் படகு இல்லாததால், ஒரு பழைய ஸ்டியரிங் சக்கரத்தைக் கொல்லையில் நட்டு வைத்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவர்களும் சிரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு ரத்து. முத்திரையைக் கழற்றலாம். புது டப்பாக்களில் சிவப்பு எழுத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது: 'மூன்று நாளுக்குமேல் தேவைப்பட்டால் வெறும் கையை மாவின்மேல் வைக்கவும். முறை மாற்றி வைக்கவும். கரை சேர்ந்ததும் எடுத்துவிடவும்.' ஒவ்வொரு மீன்பிடி கிராமத்திலும் அதைப் படித்துக் காட்டினார்கள். ரேகை போனவர்களுக்குக் கண்ணைப் பார்த்து அடையாளம் காணும் வழியும் வந்தது. இவ்வளவும் எப்படி நடந்தது என்று உத்தரவில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் தமயந்தி நின்றுகொண்டிருந்தார். மாசிலாமணியும் அன்று ஊரிலிருந்து வந்திருந்தார். எல்லாரும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். படகு எப்போது புறப்படுகிறது, எஞ்சின் சரியாயிற்றா என்றெல்லாம் தமயந்தி விசாரித்தார். ஜெசிந்தா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். தமயந்தி டம்ளரை உள்ளங்கையில் படாமல் விரல் நுனிகளால் வாங்கி, மணிக்கட்டால் அணைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் கவனிக்கவில்லை. ஜெசிந்தா கவனித்தாள். மூன்று மாதத்துக்கு மேலாகத் தன் வீட்டில் இரண்டு ஆண்கள் டம்ளரை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தமயந்தியின் இரண்டு கைகளையும் எடுத்து மல்லாத்தினாள்.

ஒரு ரேகை இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

தமயந்தி, தவறு செய்து பிடிபட்டவர்போல, தானாகவே சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் கையில் சோதிக்க அனுமதி தரமாட்டார்கள். அதனால் லீவு போட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடத் தொட்டியில் இதே அளவு ஓட்டை போட்ட ஃபைபர் துண்டு ஒன்றை வைத்து, கேமராவை ஓடவிட்டுத் தன் கையையே வைத்திருக்கிறார். எடுத்ததும் மாவு அரை மணி நேரத்துக்குள் செத்துவிட்டது. தொட்டியிலிருந்த பவளத் துண்டில் ஒரு துகள்கூடப் பிடிக்கவில்லை. குழுவின் முன்னால் படத்தையும் கையையும் காட்டியிருக்கிறார். இப்போது தன் ஆய்வுக்கூடக் கதவே தனக்குத் திறக்கவில்லை, கண்ணைக் காட்டித்தான் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

"எத்தனை நாள் வச்சிருந்தீங்க?" என்று கேட்டார் கிளீட்டஸ்.

"பதினொண்ணு. குறைவா வச்சா நம்பமாட்டாங்கன்னு."

மாசிலாமணி எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். ஜெசிந்தா டம்ளரை ஆற்றி, கையில் கொடுக்காமல், தானே தமயந்தியின் வாயருகே பிடித்தாள். தமயந்தி முதலில் கூச்சப்பட்டார். பிறகு குடித்தார்.

ததேயு மட்டும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முறை மாத்த யாரு வந்தா?"

"யாருமில்ல. தூங்குறப்போ துணியால கட்டிக்குவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பதினொரு நாளை மணி மணியாக எண்ணிப் பார்ப்பவன்போல இருந்தான். நிமிர்ந்தபோது அவன் கண் நிறைந்திருந்தது.

"அடுத்தவாட்டி ஆள் சொல்லி அனுப்புங்க மேடம்," என்றான். "நாங்க மூணு பேரும் வாறோம்."